அடகுச் சீட்டு எண் 2216

டிசம்பர் பத்தொன்பது எனக்கு விடுமுறை, அவ்வளவுதான்.
பணஜி மைதானத்தில் அணிவகுப்பு நடக்கும்,
நான் பத்து மணிவரை தூங்குவேன்.
போர்த்துக்கீசியர் போன பிறகு பிறந்தவன்.
அப்பா திட்டும்போது மட்டும்
அந்த மொழி எங்கள் வீட்டுக்குள் வரும்.

அந்த வருஷம் லிஸ்பனிலிருந்து பெட்டிகள் வந்தன.
வங்கியின் பின்னறையில்
அரக்கு முத்திரை உடைப்பது என் வேலை.
ஒவ்வொரு பொட்டலத்திலும் யாரோ ஒருவரின்
காது, கழுத்து, விரல்.
விடுதலைக்குச் சில நாள் முன்பே
ஊரார் அடகு வைத்ததெல்லாம் கப்பலேறிப் போயிருந்தது.
முப்பது வருஷம்.
மூழ்கிவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்,
அடகைச் சொன்னார்களோ
கப்பலைச் சொன்னார்களோ.

பதினெட்டாம் தேதி, கவுண்டர் மூடும் நேரம்,
திவார் தீவிலிருந்து பியெதாத் குலாசோ வந்தாள்.
படகுத்துறைச் சேறு செருப்பில் காயவில்லை.
ஒரு ஜோடிக் கம்மல், ஐந்தாறு குந்துமணி எடை.

"அண்ணனைக் கப்பல் வேலைக்கு அனுப்ப வைத்தேன்.
மீட்கக் கிளம்பிய அன்று
எங்கோ பாலம் வெடித்த சத்தம்,
தோணிக்காரன் வரமாட்டேன் என்றுவிட்டான்.
மறுநாள் வந்தேன். இந்தக் கதவில் பூட்டு,
தெரு நிறைய ஆட்டம்.
யாரோ கையில் ஒரு கொடியைத் திணித்தார்கள்.
ஆட்டினேன்.
பொய்யில்லை, சந்தோஷமாகத்தான் ஆட்டினேன்.
இன்னொரு கையில் இது."

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள்.
நூற்று நாற்பது எஸ்குடோ.
அன்னாசி மணம், கற்பூர மணம், பூஞ்சை.

"இதெல்லாம் வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும்."

"கடனைக் கட்டாமல் வாங்கிப் போக நான் என்ன திருடியா?
வட்டி மட்டும் தரமாட்டேன்.
கதவைப் பூட்டியது நானில்லை."

படிவத்தில் அந்தப் பணத்துக்குக் கட்டம் இல்லை.
மேலாளர் பாந்த்ரேகரிடம் போய் நின்றேன்.
கண்ணாடியைத் துடைத்தார்,
திரும்பவும் துடைத்தார்.

அவள் கம்மலைக் காதோரம் பிடித்துப் பார்த்தாள்.
துளை தூர்ந்துபோயிருந்தது.
"திரும்பக் குத்திக்கொண்டால் போச்சு.
நாளைக்குத் தட்டான் கடை திறந்திருக்குமா?"

"நாளைக்கு விடுமுறை" என்றேன்.

"அன்றைக்கும் இப்படித்தான்"
என்று சிரித்தாள்,
ஓரப்பல் இல்லாத பெரிய சிரிப்பு.
கடைசிப் படகுக்கு ஓடினாள்.

நோட்டுகள் என் இழுப்பறையில்தான் கிடக்கின்றன.
தணிக்கைக்கு வருகிறவர்கள் வருஷா வருஷம் கேட்கிறார்கள்,
யார் கட்டிய பணம்,
எந்த நாட்டுக் கணக்கில் வைப்பது.