வசிப்பிடச் சான்று

எட்டாம் வகுப்புக்கு நூற்றெண்பது இடம்.
நான் மதிப்பெண் பார்ப்பதில்லை,
தண்ணீர் பில் பார்க்கிறேன்.

சாட்ஸ்வொர்த், சாலை 706, வீடு 42:
இந்த வாரம் மட்டும்
ஒன்பது பிள்ளைகள் அங்கே குடியேறிவிட்டார்கள்.
இரண்டே அறை.
பில்லை நகலெடுக்கக் கொடுத்து
திருமதி படயாச்சி எவ்வளவு வாங்குகிறாள்
என்று நான் கேட்டதில்லை.

மூன்று மணிக்கு நொக்வாண்டாவின் அம்மா.
பிளாஸ்டிக் உறைக்குள் மதிப்பெண் தாள்,
கணக்கில் தொண்ணூற்றொன்று.
பில்?
குழாய் இருந்தால்தானே, என்றாள்.
ஜன்னல் வழியே கை நீட்டினாள்:
எங்கள் வேலிக்குப் பின்னால், மேட்டில்,
நீலத் தகரம்.
பள்ளி மணியில்தான் அங்கே விழிக்கிறார்களாம்.

என் வரைபடத்தில் அந்த மேடு
வெறும் பச்சை.

அவள் பேனா கொண்டுவரவில்லை.
என்னுடையதை எடுத்தேன்.
முகவரிக் கட்டத்தில்
நான்கு போட்டு, பக்கத்தில் இரண்டு.

படயாச்சி வீட்டில்
இனி பத்துப் பேர்.