கீழே இருக்கிறது

மழைக்கு ஒதுங்கத்தான் போனோம்.
உண்மையைச் சொன்னால், அமாரோவுக்கு
அவசரமாய் ஒரு கழிப்பறை வேண்டியிருந்தது.
சிலோயே தீவில் ஜனவரியும் இப்படித்தான்,
கோடை நாட்காட்டியோடு சரி.

பெரியவர்களுக்கு ஐநூறு பெசோ.
பிள்ளைகளுக்கு இலவசம்,
"தொட்டால் மட்டும் காசு" என்றாள் எர்மிந்தா
பின்னல் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.
சீட்டுக் கிழிப்பதும் அவள், காவலும் அவள்,
ஒழுகும் கூரைக்கடியில்
வாளி மாற்றுவதும் அவள்.
நாங்கள் நுழையும் அறைக்கு விளக்குப் போட்டாள்,
வெளியேறினால் அணைத்தாள்.
இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு
அது நடக்கிற காரியமா?
ஒருவன் முன்னால் ஓட
ஒருத்தி பின்னால் நிற்க
கட்டடம் முழுக்க மின்னலடித்தது.

நிபால்தோ வழக்கம்போல
ஒவ்வொரு அட்டையையும் உரக்கப் படித்தான்,
ஆண்டு, அளவு, நன்கொடையாளர் பெயர் உட்பட.
பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசுவானே, அதே குரல்.
கேட்க யாருமில்லை.
அமாரோ அந்த நீல வாளியின் முன் குந்தியிருந்தான்,
சொட்டு விழும்போதெல்லாம் கைதட்டிக்கொண்டு.
படகு, தறி, பாதிரியாரின் குடை
எதையும் அவன் பார்க்கவில்லை.
நாலு மழைக்கோட்டும் என் கையில் நனைந்து கனத்தன.
நானும் எதையும் பார்க்கவில்லை.

கடைசி அறையில் திமிங்கிலத்தின் தாடை.
எங்கள் காரைவிட நீளம்.
ராயென் அதன்முன் வாயைத் திறந்தபடி நின்றாள்,
வியப்பில் அல்ல, ஒப்பிட்டுப் பார்க்க.
இரண்டு வாரமாய் நாவால் தள்ளித் தள்ளி
ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது அவள் பல்.
"இதுக்கு எல்லாப் பல்லும் விழுந்துடுச்சா?"
"இந்த வகைக்கு முளைப்பதே இல்லை, கண்ணு."
அந்தச் செய்தி அவளை எங்கே தொட்டதோ,
நாக்கு ஒரு தள்ளு கூடுதலாய்த் தள்ளியிருக்க வேண்டும்.
தரையில் அரிசி விழுந்த சத்தம்.

பலகைத் தரை. இடுக்குகளில் விரல் நுழையும்.
நான் மண்டியிட்டேன், நிபால்தோ மண்டியிட்டான்,
ஒசோர்னோவிலிருந்து வந்திருந்த புதுமணத் தம்பதி
யாரும் கேட்காமலே மண்டியிட்டார்கள்.
எர்மிந்தா கைவிளக்கோடு வந்தாள்.
ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது,
யாருடையதோ கொண்டை ஊசி,
செல்லாத காசு, காய்ந்த தேனீ.
கோயிலில்கூட நாங்கள் இவ்வளவு நேரம்
முழங்காலில் இருந்ததில்லை.

பல் கிடைக்கவில்லை.
ராயெனின் உதடு கோணத் தொடங்கியது.
"எலி எப்படிக் கண்டுபிடிக்கும்?"
"அதற்கென்ன, இங்கே எலி உண்டு"
எர்மிந்தா குரலைத் தாழ்த்தினாள்,
நகராட்சி அதிகாரி காதில் விழுந்துவிடும் என்பதுபோல.
"அப்போ பேர் எழுதுங்க. பல். ராயென் கொடுத்தது."

அவள் நிஜமாகவே பெரிய பதிவேட்டை எடுத்தாள்.
பொருள், மூலப்பொருள், கொடுத்தவர்.
பேனா மூடியைக் கழற்றியவள்
கொஞ்ச நேரம் யோசித்து, மாட்டிவிட்டாள்.
"பொருளைப் பார்க்காமல் எழுதக்கூடாது. விதி."
எனக்குக் கோபம் வந்தது.
ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துபோகும்?
ராயென் மட்டும் தலையாட்டினாள்,
விதி என்றால் சரிதான் என்பதுபோல.
பார்வையாளர் குறிப்பேட்டைத் தள்ளினாள் எர்மிந்தா.
நாக்கைக் கடித்தபடி, பள்ளி எழுத்தில்,
என் மகள் எழுதினாள்:
"என் பல் இங்கே கீழே இருக்கிறது."

படகுத்துறை வரைக்கும் அழுதது அமாரோதான்.
வாளியைத் தூக்கிவரவில்லை என்று.

அன்றிரவு விடுதியில்
தலையணைக்கடியில் நூறு பெசோ வைத்தேன்.
காலையில் அவள் அதை எடுத்தாள்,
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
ஓட்டை விழுந்த வாயால் கண்டிப்பாகச் சொன்னாள்:
"பார்க்காமலே கொடுத்திருக்கு.
எர்மிந்தாகிட்ட சொல்லணும்."