வராத சத்தம்

தண்டர் பே. செவ்வாய் இரவு. மைனஸ் இருபத்தாறு.
கர்லிங் கிளப்பின் நிலவறையில்
இருபது கஜ நீளத்துக்கு மஞ்சள் வெளிச்சம்.
மேலே பனித்தரையில் கல் வழுக்கிப் போகும் உறுமல்
காதுறையை மீறி வயிற்றில் கேட்கிறது.
கீழே நாங்கள் ஆறு பேர்
துப்பாக்கியோடு குப்புறக் கிடக்கிறோம்.

என் தாளில் எல்லாத் துளைகளும்
கீழே, இடப்புறம்.
நான்கு வாரமாக அங்கேயே,
எனக்கென்று யாரோ
மனை வாங்கிப் போட்டமாதிரி.

துப்பாக்கி கோணல் என்றேன்.
தோட்டா மலிவுச் சரக்கு என்றேன்.
புதுக் கண்ணாடி, பழைய கழுத்துவலி,
சொல்லாத சாக்கு பாக்கியில்லை.

ஐலா கோஸ்கினென் நகரப் பேருந்து ஓட்டுகிறவள்.
பேச்சு குறைவு.
"இன்றைக்கு உனக்கு நான் போடுகிறேன். பார்க்காதே."
எது உயிருள்ள தோட்டா, எது வெற்று உறை
அவள் கைக்கு மட்டும் தெரியும்.

முதலாவது வெடித்தது. கீழே, இடப்புறம்.
இரண்டாவதும் அதே மனையில்.
மூன்றாவது

க்ளிக்.

வெடிக்கவில்லை.
ஆனாலும் குழல் குனிந்தது,
தோள் முந்தியது, இமை மூடியது.
வராத சத்தத்துக்கு
என் உடம்பு மொத்தமும் கும்பிடு போட்டது.

பகலில் நான் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள்.
நாளுக்கு நாற்பது முழங்கை மடிப்பு.
மரம் வெட்டுகிறவர்கள், ஹாக்கியில் பல்லிழந்தவர்கள்,
ஊசி தொடுமுன்பே சுருங்குவார்கள்.
"இன்னும் குத்தவேயில்லை, ஐயா" என்று
சிரித்தபடி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.
ஐலா சிரிக்கவில்லை.
அடுத்ததைப் போட்டாள்.

கிளப்பில் ஒருவர், நல்ல மனிதர்,
குரல் தாழ்த்திக் கேட்டார்: போரினாலா?
இல்லை. நான் சாத்தூர்க்காரி.
எங்கள் பக்கம் வெடித்தால்தான் வியாபாரம்.
அவர் முகத்துக்குப் பொருத்தமான கதை
என்னிடம் இல்லாமல் போயிற்று.
வெறும் பயம், அவ்வளவுதான்.

மறுபடி முதலிலிருந்து.
கண்ணை மூடு. மூச்சு விடு. திற.
முனை எங்கே நிற்கிறதோ
அங்கேதான் உன் எலும்புகள் பார்க்கின்றன.
கையால் இழுத்துத் திருத்தாதே.
இடுப்பை நகர்த்து, ஒரு விரற்கடை.

முன்குறி தெளிவாக, கரும்புள்ளி மங்கலாக.
இதைத்தான் நம்பச் சிரமமாக இருந்தது:
போய்ச் சேரவேண்டியதைக் கலங்கலாக விட்டுவிட்டு
கையருகே இருப்பதைக் கூர்ந்து பார்ப்பது.

மூச்சு பாதி வெளியேறியதும் ஓர் இடைவெளி வரும்.
அதில் தங்கு.
முனையின் மெல்லிய ஆட்டம் நாடித்துடிப்பு.
பிறர் நாடி தொட்டுப் பழகியவள் நான்,
என்னுடையதை இவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

விரலின் நுனிச்சதை மட்டும்.
சுண்டாதே. எடை கூட்டிக்கொண்டே போ,
குழாயில் ரத்தம் ஏறுகிறமாதிரி,
எப்போது நிறையும் என்று கேட்காமல்.

வெறும் துப்பாக்கி. க்ளிக்.
குழல்மேல் ஐலா வைத்த பத்து சென்ட் காசு
தரையில் விழுந்து உருண்டது.
க்ளிக். மறுபடி விழுந்தது.
பதினோராம் முறையோ பன்னிரண்டோ,
காசிலிருந்த பாய்மரக் கப்பல்
காற்றில்லாத கடலில்போல நின்றது.

கடைசி மூன்றும் வெடித்தன.
மூன்று முறையும் எனக்கே ஆச்சரியம்.
வெடித்த பின்னும் விரலை எடுக்காமல்
ஒரு கணம் அங்கேயே இருந்தேன்.

கயிற்றைச் சுழற்றித் தாளை வரவழைத்தோம்.
ஏழாம் வளையம். இடப்புறம்தான்.
மையத்தில் ஈ கூட உட்காரவில்லை.
குறித்திருகை அடுத்த வாரம் திருப்பிக்கொள்ளலாம்.
ஆனால் மூன்றும் பக்கம் பக்கமாக,
மேலே ஒன்று, கீழே இரண்டு:

ஃ

இது எழுத்து என்றேன்.
ஐலா நம்பாமல் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.
மூச்சைப் பாதியில் நிறுத்தவேண்டும் என்றேன்.
அது அவளுக்குத் தெரியும்.