ஆற்றுக்கு வரி

குழாய் முடிகிற இடத்தில் என் வேலை தொடங்குகிறது.
இரண்டாயிரம் காலன் லாரி,
இடது கண்ணாடியில் டேப் ஒட்டியிருக்கும்.
கீழே அல்புகர்க்கியின் விளக்குகள்.
மேட்டில் ஏற ஏற
தெருவுக்கு ஒரு வீடு,
பிறகு தெரு மட்டும்.

நகர எல்லை என்று பலகை வைத்திருக்கிறார்கள்.
நம்பாதீர்கள்.
நீர்த்தொட்டியின் அடிமட்டம் எதுவோ அதுதான் எல்லை.
அதற்கு ஒரு முழம் மேலே அடுப்பு வைத்தவர்கள்
எனக்கு போன் செய்வார்கள்.

தூரத்தில் ஏதோ ஒரு மாடியில்
யாரோ அளவுகோல் வைத்துக் கோடு இழுத்திருக்கிறான்.
காகிதத்தில் மண் சரிவதில்லை.
தெருக்களுக்கெல்லாம் பூக்களின் பெயர்.
லில்லி அவென்யூவில் இன்றைக்கு
உருண்டுவரும் முள்பந்துகள்தான் குடியிருக்கின்றன,
வேலி கண்ட இடத்தில் குடும்பத்தோடு தங்கிவிடும்.

ஃபெர்மின் லுசெரோ கழிவுத்தொட்டிக்குத் தோண்டினார்.
இரண்டடியில் சுண்ணாம்பு இறுகிய பாறை.
கடப்பாரை எகிறி முன்பல் போயிற்று.
அடுத்த ஆண்டு அவர் வீடு
நாற்பதடி தள்ளி எழுந்தது,
காற்றுக்கு முதுகு காட்டி.

செப்டம்பரில் டொலீடோவிலிருந்து ஒருத்தி வந்தாள்,
நடீன் வோய்சிக்.
அப்பா தவணையில் வாங்கிய மனை,
மாதம் பதினெட்டு டாலர், பார்க்காமலே.
பட்டாவை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.
ஏற்றிக்கொண்டு போனேன்.
பிளாக் நாற்பது, மனை ஒன்பது.
போனில் நகர்ந்த நீலப்புள்ளி
அர்ரோயோவின் நடுமணலில் போய் நின்றது.

வடக்கே மணல், தெற்கே மணல்,
மேற்கே ஒரு வாஷிங் மெஷினின் டிரம்,
கிழக்கே கரை, அதில் குருவிப் பொந்துகள்.
இந்த நாலு எல்லைக்குள் நடந்து பார்த்தாள்.
"சமையலறை இங்கே" என்றாள்.
சிரிக்கவில்லை.

"மழையே இல்லையே, எதற்கு ஆறு?"

வடமேற்கே மலையைக் காட்டினேன்.
இருபது மைலுக்கு அப்பால்
யாருக்கோ பெய்துகொண்டிருந்தது.

கரையேறச் சொன்னேன்.
முதலில் வாசம்.
பிறகு குச்சியும் நுரையும் தள்ளிக்கொண்டு
முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்பு.
அப்பாவின் நிலத்தைப் பத்தொன்பது நிமிடம்
விளிம்புவரை நிரப்பி வைத்திருந்துவிட்டுப் போயிற்று.

விற்றுவிடுங்களேன் என்றேன்.
யாரிடம் என்று கேட்டாள்.

இப்போதும் ஆண்டுக்கொருமுறை
எட்டு டாலர் சொச்சம் வரி வருகிறதாம்.
கவுண்டியில் கணக்கெழுதும் டெல்ஃபா சொன்னாள்:
காசோலையில் எதற்காக என்று கேட்கும் கோட்டில்
'ஆற்றுக்கு' என்றிருக்கும்.

நேற்று அந்தப் பக்கம் போனேன்.
டிரம் மட்டும்
மனை பதின்மூன்றுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.