இரண்டு கையெழுத்து

அவள் மதிப்பெண் அட்டை என் சட்டைப்பையில்.
கோல்ஃபில் அப்படித்தான்.
தன் கணக்கைத் தானே எழுதக் கூடாது,
கூட ஆடுகிறவள் எழுத வேண்டும்
கடைசியில் கையெழுத்தும் போட வேண்டும்.

கோலாலம்பூரின் மதியம், பன்னிரண்டு நாற்பது.
முதல் டீயில் புவான் ரொஹாயா
பெயரும் நாடும் மட்டும் சொன்னார்:
ஒராயா, தாய்லாந்து.
கயிற்றுக்கு அந்தப்பக்கம்
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

என் பந்தைத் தாண்டி அவள் பந்துக்கு
இருபத்தெட்டு அடி.
நடந்து எண்ணினேன்.
அடுத்த குழியிலும் எண்ணினேன்.
ஆடும் பல்லை விடாத நாக்கு மாதிரி
பதினெட்டுக் குழிக்கும் எண்ணினேன்.

"அது எவ்ளோ தூரம் அடிச்சுச்சு பாத்தீங்களாக்கா,"
என்றான் பை தூக்கிய தனபாலன்.
மழையையும் அது என்கிறோம்,
தொட்டிலில் கிடக்கும் பிள்ளையையும்.
அவன் குரலில் தொட்டில் இல்லை.
தமிழ்ப் பத்திரிகைக்காரர் கவனமாக
'அவர்' என்று எழுதியிருந்தார்.
மரியாதையா, ஒதுங்கி நிற்க ஒரு நிழலா,
எனக்குத் தெரியவில்லை.
ஆங்கிலத்தில் எதிரே நிற்பவர் எல்லாரும் யூ.
அவளோடு பேசுவது சுலபம்,
அவளைப் பற்றிப் பேசுவதுதான்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு மனு.
பெண்கள் ஆட்டம் பெண்களுக்கே.
கெப்போங்கில் இரண்டு வகுப்புக்கு நடுவே
கட்டைவிரலால் தட்டினேன்,
நாற்பத்தொன்றாவது பெயர் நான்.
நுழைவுக் கட்டணம் அறுநூற்றைம்பது வெள்ளி,
காருக்கு மூன்று மாதத் தவணை பாக்கி.
வெறுப்பில் தட்டவில்லை.
வெறுப்பில் தட்டியவர்களும்
இதையேதான் சொல்வார்கள்.

பதினான்காவது குழியில் இடிச் சங்கு ஊதியது.
தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் இருவர்,
நசி லெமாக் பொட்டலம் இரண்டு.
நெத்திலியை ஒவ்வொன்றாக ஓரம் ஒதுக்கினாள்.
அவள் தங்கமானவள் என்று சொல்ல வரவில்லை:
பதினொன்றில் வெட்ஜை வீசியெறிந்தாள்,
மணல் பள்ளத்தை அரைகுறையாகக் கீறிவிட்டு
நடந்துவிட்டாள்.

"நாற்பத்தொன்று. நீதானே?"
"ஆமாம்."
இடி ஒன்று முழுசாக உருண்டு முடிந்தது.
"மற்றவர்கள் என்னிடம் இல்லை என்கிறார்கள்,"
என்று விரல் துடைத்தாள்.
"இந்த ஊர் மழை எவ்வளவு நேரம் பெய்யும்?"

முக்கால் மணி நேரம் பெய்தது.

பதினெட்டில் இரண்டு மீட்டர் பட்.
குழியின் உதட்டை நக்கி
வெளியே நின்றது என் பந்து.
அவளுடையது உள்ளே.
இரண்டு நாளும் சேர்த்து நான் நூற்று நாற்பத்தெட்டு,
அவள் நூற்று நாற்பத்தேழு.
கோடு நூற்று நாற்பத்தேழில் விழுந்தது.

கூடாரத்தில் அட்டையை மாற்றிக்கொண்டோம்.
என் எண்கள் அவள் கையெழுத்தில்,
ஏழுக்கெல்லாம் குறுக்கே ஒரு கோடு.
தப்புத் தேடினேன். இல்லை.
அவள் அட்டையிலும் தேடினேன்,
நான் மறந்துபோன ஓர் அடி
புல்லுக்குள் எங்காவது கிடக்குமா என்று.
இல்லை.

கையெழுத்துப் போட்டேன்.
மனுவில் இருப்பதும் என் பெயர்தான்.
இன்னும் எடுக்கவில்லை.
அந்த இருபத்தெட்டு அடி பொய்யில்லை,
என் காலால் அளந்தது.
பலகையில் எனக்கு மேலே
ஐம்பத்தெட்டுப் பெண்கள்.
அதில் ஒருத்தியை மட்டும்
ஏன் எண்ணினேன் என்பதை
எந்த அட்டையில் எழுதுவது?

கார் நிறுத்துமிடத்தில் தனபாலன் கேட்டான்:
"அது உள்ள போயிடுச்சாக்கா?"

"போயிட்டா," என்றேன்.
அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான்.
"பையைப் பின்னால வை.
டோலில் இப்பவே நெரிசல் பிடித்திருக்கும்."