ஒன்பதாம் எண்ணின் வெண்மை

ஞாயிறு இரவு பதினொன்றரை.
டொலீடோ அரங்கத்தின் அடித்தளத்தில்
ஐம்பத்து மூன்று சட்டைகள்
குவிந்து கிடக்கின்றன.
மேலே பனி, ஏரிக்காற்று.
இங்கே ப்ளீச் நெடி, வெந்நீர் ஆவி, வெண்டலின் வாய்.

"விருது ஹால்வர்சனுக்குத்தான்.
நாற்பத்தொரு டச் டவுன் எறிந்திருக்கிறான்.
இன்னும் என்ன செய்யணும், பறக்கணுமா?"
ஒன்பதாம் எண்ணைக் கொடி மாதிரி விரித்துக் காட்டுகிறான்.

லவோன் காலுறைகளைப் பிரித்தபடி:
"எறிகிறவனுக்கே எப்போதும் மாலை.
இடுப்பில் இரண்டு பேர் தொங்க
நாலு கஜம், நாலு கஜமென்று
வண்டி இழுக்கிறானே ஓக்ஸ்,
அவனுக்கு?"

எங்கள் மூவருக்கும் ஓட்டில்லை.
ஓட்டுள்ளவர்கள் கண்ணாடி அறையில்
சூடாக உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார்கள்.
எனக்கு இருப்பது ஒரு தூரிகை,
பதினாறு வருஷத்துக் கறைகள்.

புல்லின் பச்சை ஊறவைத்தால் போகும்.
ரத்தத்தை வெந்நீரில் போட்டால் தீர்ந்தது,
துணியோடு குடித்தனம் நடத்தும்.
எதிரணித் தலைக்கவசத்தின் சாயம் இருக்கிறதே,
அது எதற்கும் அசையாது.

எழுபத்துநாலை எடுத்து மேசையில் விரித்தேன்.
செமிசி ஃபோனுவா.
மார்பில் நீலக் கீறல், தோளில் ஆரஞ்சு,
அக்குளருகே ஏதோ ஓர் ஊரின் ஊதா.
வருஷம் முழுக்க
பந்தைத் தொட்டதில்லை இந்த மனிதன்.
கணக்கேட்டில் அவனுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

"இப்போது ஒன்பதைப் பார்," என்றேன்.
"கடையிலிருந்து வந்த மாதிரி.
இந்த வெண்மையை வெளுத்தது யார்?
நானில்லை."

வெண்டல் வாயை மூடினான்.
(எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஜனவரி ஏழு.)

லவோன்தான் விடவில்லை.
"நவம்பரில் ஃபோனுவாவுக்கு முழங்கால்.
மூன்று வாரம் வரவில்லை.
அப்போது ஒன்பது வந்த கோலம் நினைவிருக்கா?"
இருக்கிறது. முதுகு முழுக்கச் சேறு,
காலரின் உள்பக்கம் ரத்தம்.
"பார்த்தாயா?" என்றேன் வெண்டலிடம்.
"பொறு," என்றாள் லவோன்,
"அந்த மூன்று ஆட்டத்தையும் அவன் ஜெயித்தான்."

என் சாட்சி எழுந்துபோய்
எதிராளியின் மடியில் உட்கார்ந்துகொண்டது.
இயந்திரம் பிழியத் தொடங்கியதால்
அதற்குமேல் யார் பேசியதும் கேட்கவில்லை.

பந்தயம் தலைக்குப் பத்து டாலர்,
சோப்புத்தூள் குவளையில்.
தோற்குமென்று தெரிந்தே
எழுபத்துநாலின்மேல் கட்டினேன்.

பிப்ரவரியில் ஹால்வர்சன் கோப்பை வாங்கினான்.
நல்ல கோட்டு.
அம்மாவுக்கு நன்றி, கடவுளுக்கு நன்றி,
"என் முன்னால் நின்றவர்களுக்கும்."
கேமரா அவர்களைத் தேடவில்லை.
வெண்டல் குவளையைக் கவிழ்த்து
முப்பது டாலரை எண்ணி
மூவருக்கும் பீட்சா வாங்கினான்.

மறுவாரம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள்.
நுழைவாயிலில் கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்களாம்.
ஒன்பதாம் எண் சட்டை ஒன்று வேண்டும்,
"கொஞ்சம் சேறு பட்டிருந்தால் நல்லது.
நிஜமாகத் தெரியணும்."

எல்லாம் துவைத்தாயிற்று என்றேன்.
கறை எடுப்பதுதான் என் வேலை,
போடத் தெரியாது.
அதற்கு ஆள் ஒருவன் இருக்கிறான்,
அவனை மூன்று வாரம் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.