பதினான்கு

முஹர்ரக்கில் அந்த சீசன் முழுக்க
இருபத்து நான்கு விநாடிக் கடிகாரம்
என் கட்டைவிரலில் ஓடியது.

பகலில் ஏசி மெக்கானிக்.
ஆறு மணிக்கு, கம்ப்ரசர் எண்ணெய் நகக்கண்ணில் இருக்க,
கூடைப்பந்து அரங்கில் நடுவர் மேசையின் இடது ஓரம்.
ஆட்டத்துக்கு எட்டு தினார், ஒரு ஷவர்மா.
பொத்தான் இரண்டு:
இருபத்து நான்கு. பதினான்கு.

பதினான்கு அந்த வருடம்தான் வந்தது.
வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தை
எறிந்த அணியே மறுபடி பிடித்தால்
முழு நேரம் கிடையாது என்று
திரையில் படம் போட்டுச் சொன்னார்கள்.
தலையில் ஏறியது.
விரலில் ஏறவில்லை.

நவ்ரஸ் கிளப்புக்கு அப்போது
ஒஹாயோவிலிருந்து டெரோன் விட்லாக் வந்திருந்தான்.
ஆறடி ஒன்பது. இடது முழங்காலில் பழைய தையல்.
அவன் சம்பளம் ஆளாளுக்கு ஒரு தொகை;
விசா மட்டும் என்னுடையதைப் போல,
இன்னொருவர் பேனாவில் தொடங்கி
அதே பேனாவில் முடிவது.
ஏசி பார்க்க அவன் அறைக்குப் போனேன்.
கட்டில் எட்டாத கால்களைச்
சூட்கேஸ் மேல் நீட்டியிருந்தான்.
குளிர் இல்லாவிட்டாலும் சரி,
சத்தம் நின்றால் போதும் என்றான்.

பிறகு இறுதிப்போட்டி, ஐந்தாவது ஆட்டம்.
மத்தளமா தகரமா தெரியாத ஓசை.
நவ்ரஸ் ஒரு புள்ளி முன்னால்.
முப்பத்தெட்டு விநாடி மிச்சம்.
சாஹில் எறிந்தது, தவறியது,
சாஹிலே பிடித்தது.
என் விரல் போன வருடத்துப் பொத்தானை அழுத்தியது.

பந்து கைமாறிக் கைமாறி
மூலைக்குப் போனது.
அங்கே ஒரு பொடியன், பெயர் யாசர்,
நிதானமாகக் காலை ஊன்றி எறிந்தான்.
வலை அசைந்தபோது
பதினேழு விநாடி ஆகியிருந்தது.
யாரும் எண்ணவில்லை.
நான் எண்ணினேன், பிறகு.

இருபத்தொரு விநாடி இருந்தது டெரோனுக்கு.
எம்பினான்.
பந்து வளையத்தைச் சுற்றி வந்து
வெளியே விழுந்தது.
முழங்கால் போச்சு என்றார் பின்வரிசைக்காரர்.
மறுநாள் எல்லோரும் அதையே சொன்னார்கள்.
அவன் மட்டும், தோள் துண்டோடு வெளியேறும்போது,
பலகையைப் பார்த்தான்,
பிறகு மேசையை.
என்னையா, கம்பியையா, தெரியாது.
ஸ்கோர் தாளில் என் கையெழுத்து
எப்போதையும்விட அழகாக விழுந்திருந்தது.

மூன்றாம் நாள் அவனை விமான நிலையத்தில் விட்டதாகச்
செய்யதலி சொன்னான், வேன் டிரைவர்.
முன்சீட்டைக் கடைசி வரை தள்ளியும்
முட்டி டேஷ்போர்டில் இடித்ததாம்.
ஒப்பந்தத்தில் மீதி இரண்டு மாதம்;
காசு கொடுத்தார்களா என்று கேட்டேன்.
எனக்கென்ன தெரியும் என்றான்.

நான்கு வருடம் கழித்து
சாஹில் கிளப் அலுவலகத்தில் ஃபில்டர் கழற்றுகிறேன்.
கண்ணாடிக்குள் அந்தக் கோப்பை.
மேலாளர் யாரோ விருந்தாளியிடம்
யாசரின் எறிதலைக் கையால் எறிந்து காட்டுகிறார்.
ஏணி மேலிருந்து தமிழில் சொன்னேன்:
மூணு விநாடி தாமதம்.
வேலையைச் சொல்கிறேன் என நினைத்து
நிமிர்ந்து கையசைத்தார்:
மாஃபி முஷ்கில்.